பாஸ்வேர்டை அடுத்தவர் நோட்டில் எழுதலாமா?

எங்கள் சிவகிரி பக்கத்திலிருந்து ராஜபாளையம் நூல் மில்களுக்கு வேலைக்குப் போகும் பெண்கள் பலர். என் நாத்தனாரும் அவர்களில் ஒருத்தி. அடிப்படைச் சம்பளத்திலும் பஞ்சப்படியிலும் 12 சதவீதம் மாதாமாதம் பி.எப்.புக்குப் போகிறது. அந்தக் கணக்கைப் பார்க்க, 2014ல் யு.ஏ.என். என்ற 12 இலக்க எண் வந்தது. அதைத் திறக்க ஒரு பாஸ்வேர்டும் வேண்டும்.

அந்த பாஸ்வேர்ட் யாரிடம் இருக்கிறது தெரியுமா? கம்ப்யூட்டர் சென்டர்காரரின் நோட்டில்! 'ஒங்களுக்கு எதுக்குக்கா, நானே வச்சுக்கிடுதேன்' என்கிறாராம். அதுவும் எல்லாருக்கும் ஒரே மாதிரி, பெயருக்குப் பின்னால் 123. அந்த நோட்டு வேறு யார் கையிலாவது சிக்கினால், நம் பாஸ்புக், பேங்க் விவரம், நாமினி பெயர் எல்லாம் அவர்கள் பார்வைக்குப் போய்விடுமே!

'பணம் எடுக்க ஓ.டி.பி. வேணுமே' என்று சொல்லலாம். அதையும்தான் கேட்டவுடன் போனில் வாசித்து விடுகிறோமே!

படிப்பு குறைவு என்பதெல்லாம் சாக்குதான். சீட்டுக் கணக்கையும், பால் கணக்கையும் மனசிலேயே வைத்திருக்கும் நமக்கு, ஒரு பாஸ்வேர்ட் பெரிசா? பிள்ளை பெயர், பிறந்த தேதி வேண்டாம். நமக்கு மட்டும் தெரிந்த இரண்டு மூன்று சொற்களைக் கோர்த்து, நடுவே எண்ணும், குறியும் சேர்த்தால் போதும். மறந்து விடும் என்று பயந்தால், ஒரு நோட்டில் எழுதி பீரோவில் வையுங்கள், பக்கத்திலேயே யு.ஏ.என். எண்ணை எழுதாதீர்கள். பேங்குக்கும், பி.எப்.புக்கும் ஒரே பாஸ்வேர்ட் கூடவே கூடாது.

மறந்தே போனாலும், ஆதாரில் இணைத்த செல்லுக்கு வரும் ஓ.டி.பி.யை வைத்து மாற்றிக் கொள்ளலாம். அந்த நம்பர் வீட்டுக்காரருடையதாகவோ, மகனுடையதாகவோ இருந்தால் ஒவ்வொரு தடவையும் அவர்கள் கையை எதிர்பார்க்கணும். ஆகவே, முதலில் நம் சொந்த நம்பரைப் பதிவு செய்வோம்.

மில் நிர்வாகங்களும், வேலைக்குச் சேரும் அன்றே அரை மணி நேரம் ஒதுக்கி இதைச் சொல்லிக் கொடுத்தால் எவ்வளவு நல்லது! 2023லிருந்து மாதந்தோறும் 27ம் தேதி வாக்கில், வைப்பு நிதி நிறுவனம் மாவட்டங்களில் குறைதீர்க்கும் முகாம் நடத்துகிறது. சந்தேகத்தை அங்கே கேட்கலாம். பணம் மோசம் போனால், தாமதிக்காமல் 1930க்குப் போன் செய்யுங்கள்.

பஞ்சு தூசியில் நின்று சம்பாதித்த காசு அது. அதன் சாவி, சம்பாதித்தவள் கையில்தானே இருக்கணும்... என்ன சொல்றீங்க, சகோதரிகளே?

— ஒரு வாசகி, சிவகிரி.