கட்டுப்பாடும் அடக்குமுறையும்

"எம் பிள்ளைகளைக் கட்டுப்பாட்டில் வைத்திருக்கிறோம்" என்று பெற்றோர் பலர் பெருமையுடன் கூறுவதைக் கேட்கிறோம். அச்சொல்லின் பொருளை நாம் செவ்வனே உணர்ந்துள்ளோமா? கட்டுப்பாடு, அடக்கம், அடக்குமுறை, தடை ஆகியவற்றை வேறுபாடின்றி வழங்கிவருகிறோம். சொல்லில் மயக்கம் நேர்ந்தால் செயலிலும் மயக்கம் நேரும்.

இங்கே தமிழ் இலக்கணமே நமக்கு வழிகாட்டுகிறது. 'அடங்கு' தன்வினை, 'அடக்கு' பிறவினை. ஒருவர் தாமே அடங்குவது அடக்கம்; பிறரை வலிந்து அடக்குவது அடக்குமுறை. திருக்குறளின் 13-ஆம் அதிகாரம் 'அடக்கமுடைமை' எனப் பெயர் பெற்றுள்ளது. உடைமை என்பது ஒருவர் தாமே பெற்றிருப்பது. அதைப் பிறர்மேல் சுமத்த இயலாது.

'கட்டுப்பாடு' என்பதும் 'கட்டுப்படு' என்னும் தன்வினையினின்று பிறந்ததே. அடக்கம் தனிமனிதப் பண்பு. கட்டுப்பாடு பெரும்பாலும் பலர் கூடி ஏற்கும் வரம்பு. வரம்பை வகுத்தவரும் அதற்குள் நிற்கவேண்டும். ஊர்க்கட்டுப்பாடு என்னும் பெயரால் எளிய குடும்பமொன்றை ஒதுக்கிவைப்பது கட்டுப்பாடன்று, அடக்குமுறையே.

ஆங்கிலத்தில் வழங்கும் 'கன்ட்ரோல்' என்னும் சொல்லின் வரலாறும் இதற்குச் சான்று பகரும். இடைக்கால இலத்தீனில் அதன் மூலச்சொல், ஒரு கணக்கேட்டைச் சரிபார்ப்பதற்காக எழுதிவைத்த இரண்டாம் ஏட்டைக் குறித்தது. கணக்கு எழுதுபவரும் சோதனைக்கு உட்பட்டவர் என்பதே அதன் கருத்து.

தடை இவற்றினின்றும் வேறானது. 1934-இல் கட்டி முடிக்கப்பெற்ற மேட்டூர் அணையை எண்ணிப் பார்ப்போம். மதகில்லாத சுவர் காவிரிக்கு வெறும் தடையாகவே இருந்திருக்கும். காலமறிந்து, அளவறிந்து நீரைத் திறந்துவிடும் மதகே அதனைக் கட்டுப்பாடாக்குகிறது. நீர் வயலைச் சேரவேண்டும் என்பதன்றோ அணையின் நோக்கம்?

இல்லத்திலும் இதுவே அளவுகோல். உணவு வேளையில் எவரும் கைப்பேசியைத் தொடலாகாது என்று விதிக்கிறோம். தந்தைக்கு மட்டும் அதில் விலக்கு உண்டெனில் அது அடக்குமுறை. காரணம் கூறாமல் கைப்பேசியைப் பறித்துப் பூட்டிவைத்தால் அது தடை. காரணத்தை விளக்கி, அனைவரும் ஒருசேர ஏற்றால் அது கட்டுப்பாடு. பெற்றோர் இல்லாத வேளையிலும் பிள்ளை அவ்வரம்பைத் தானே காத்துக்கொண்டால், அங்கே அடக்கம் வேரூன்றிவிட்டது என்று நாம் அறியலாம்.

அச்சத்தால் பணிந்த பிள்ளை, அஞ்சத்தக்கவர் அகன்றதும் வரம்பை மீறும். ஆகவே, இன்றிரவு உணவுக்கு அமரும்போது, பெற்றோராகிய நாமே நம் கைப்பேசியை முதலில் எடுத்து அப்பால் வைப்போமாக.