ராபினுக்கும் வசனம் கொடுங்கள்!



ஆண்டு விழா வந்துவிட்டால், மாறுவேடப் போட்டிக்கு நடுவராக வரச் சொல்லி எனக்கு அழைப்பு வந்துவிடும். ஓய்வு பெற்ற வாத்தியாருக்கு வேறு என்ன வேலை! ஆம்பூர்ப் பக்கத்தில் ஒரு பள்ளியில், 'ஜோடி வேடம்' என்று புதிதாக ஒரு பிரிவு வைத்திருந்தார்கள்.

ஆறாம் வகுப்பு மாணவர்கள் இருவர் வந்தார்கள். ஒருவன் பேட்மேன், மற்றவன் ராபின். பேட்மேனின் உடை வேலூரில் வாடகைக்கு எடுத்தது. கறுப்பு அங்கி, முகமூடி, எல்லாம் பளபளவென்று இருந்தன. ராபினுக்கோ அக்காவின் மஞ்சள் துப்பட்டாதான் அங்கி! பேட்மேன் மூச்சுவிடாமல் பேசினான். ராபின் பக்கத்தில் சும்மா நின்றான். நானும் பேட்மேனிடம்தான் கேள்வி கேட்டேன். மேடையை விட்டு இறங்கும்போதுதான் ராபினின் முகத்தைக் கவனித்தேன். வீடு வந்து சேரும்வரை அந்த முகம்தான் என் கண்ணில் நின்றது.

பேட்மேன் வேடமே போடக் கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். சித்திரக்கதையில் பேட்மேன் வந்தது 1939ல். ராபின் வந்தது 1940ல். ராபின் யார் தெரியுமா? சர்க்கஸில் ஊஞ்சல் விளையாட்டுக் காட்டிய குடும்பத்துப் பிள்ளை. பெற்றோரை இழந்தவன். அவனுக்கென்று இப்படி ஒரு கதை இருக்கிறதே! அதை அவனே சொல்லி, ஒரு குட்டிக்கரணமும் போட்டிருந்தால், கைதட்டல் யாருக்குக் கிடைத்திருக்கும்?

ஆகவே, ஜோடியைத் தேர்ந்தெடுக்கும்போது, 'உடை எங்கே கிடைக்கும்?' என்று முதலில் கேட்காதீர்கள். 'இருவருக்கும் மேடையில் வேலை இருக்கிறதா?' என்று கேளுங்கள்.

அதியமான், அவ்வையார் ஜோடி நல்ல ஜோடி. அவர் நெல்லிக்கனி கொடுத்தார். இவர் அவருக்காகக் காஞ்சிக்குத் தொண்டைமானிடம் தூது போனார். (ஒரு வேண்டுகோள்: இந்த அவ்வையாருக்குக் கூன் முதுகும் நரைமுடியும் வைக்காதீர்கள். ஆத்திசூடி பாடிய அவ்வையார் வேறு!)

எனக்கு ரொம்பப் பிடித்த ஜோடி தேசிங்கு ராஜனும் அவர் நண்பர் மகமத்கானும்தான். செஞ்சிக் கோட்டையை ஆண்டவர் தேசிங்கு. கப்பம் கட்டச் சொன்ன ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கானுக்கு அவர் பணியவில்லை. 1714ல் போர் மூண்டது. அப்போது மகமத்கானுக்குக் கல்யாண நேரம். செய்தி கேட்டதும், மணப்பந்தலை விட்டுவிட்டு நண்பனிடம் ஓடி வந்தார் என்று கதைப்பாடல் சொல்கிறது. எதிரில் நிற்கும் நவாபும் தன் மதத்தவர்தானே என்று அவர் யோசிக்கவில்லை. நண்பர்கள் இருவருமே அந்தப் போரில் மாண்டார்கள். நம் பக்கத்து ராணிப்பேட்டை இருக்கிறதே, அது தேசிங்கின் ராணி நினைவாக நவாப் எழுப்பிய ஊர் என்பார்கள். பகைவனின் மனைவிக்கு ஓர் ஊர்!

இந்த ஜோடியில் யார் பெரியவர்? எனக்குச் சொல்லத் தெரியவில்லை. குதிரைகூட ஆளுக்கு ஒன்று உண்டு. தேசிங்குக்குப் பாராசாரி, மகமத்கானுக்கு நீலவேணி. நம் ஊர் வகுப்பறைகளில் இந்த வேடத்துக்கு ஏற்ற நண்பர்களுக்கா பஞ்சம்? ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பிரியாணியைப் பங்கு போடுகிறவர்களை எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன்! இருவருக்குமே தேசிங்காக ஆசை வந்தால், சீட்டுக் குலுக்கிப் போடுங்கள்.

வாடகைக் கடைக்குப் போகவே வேண்டாம். குதிரைத் தலைக்கு மளிகைக் கடை அட்டைப் பெட்டி போதும். வாளுக்கும் அட்டைதான். இடைவாருக்குத்தான் நம் ஊரில் என்ன குறை! ஷூ கம்பெனியில் வேலை செய்யும் அப்பாவோ அம்மாவோ வீட்டில் இருந்தால், கழிவுத் தோல் துண்டுகள் கிடைக்குமா என்று கேட்டு வாங்கிவரச் சொல்லுங்கள். வெட்டும்போது பெரியவர் ஒருவர் கூட இருக்கட்டும். இரண்டு வாரும் ஒரே அகலம் இருக்கிறதா என்று ஸ்கேல் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.