நாய்க்கும் பத்திரம் வேண்டும்

கோடை வந்தால் லண்டனில் இருக்கிற எங்கள் சனம் பாரிஸ் லாச்சப்பலுக்கும் ஜெர்மனி ஹம் காமாட்சி அம்மன் தேருக்கும் காரில் வெளிக்கிடுவது வழக்கம். இப்போது பல வீடுகளில் பிள்ளைகள் நாய் வளர்க்கிறார்கள். அதையும் ஏற்றிக்கொண்டு போகலாம் என்று நினைக்கிறோம். துறைமுகத்தில்தான் கடதாசி குறைவு என்று தெரியவருகிறது.

பிரெக்சிட்டுக்கு முன்னர் நாய்க்கு ஒரு ஐரோப்பியக் கடவுச்சீட்டு எடுத்தால் பல வருடங்களுக்குப் போதும். 2021 ஜனவரி 1 முதல் இங்கிலாந்து, ஸ்கொட்லாந்து, வேல்ஸில் கொடுத்த அந்தப் புத்தகம் செல்லாது. ஒவ்வொரு பயணத்துக்கும், புறப்பட முந்திய 10 நாட்களுக்குள், அனுமதி பெற்ற மிருக வைத்தியரிடம் புதிய சுகாதாரச் சான்றிதழ் எடுக்க வேண்டும். கட்டணத்தை அந்தந்த வைத்தியசாலையே தீர்மானிக்கிறது. ஆகவே இரண்டு மூன்று இடத்தில் விலை கேட்பது நல்லது.

நாங்கள் அதிகம் தவறவிடுவது ஒழுங்கை. முதலில் மைக்ரோசிப், பிறகு விசர்நாய்த் தடுப்பூசி, அதன்பின் 21 நாள் காத்திருப்பு. சிப்புக்கு முன் போட்ட ஊசி கணக்கில் வராது. அடுத்த ஊசி ஒரு நாள் பிந்தினாலும் மறுபடி 21 நாள். திரும்பி வரும்போது, பிரித்தானியாவுக்குள் நுழைவதற்கு 24 முதல் 120 மணித்தியாலங்களுக்கு முன், நாய்க்கு நாடாப்புழு மருந்து கொடுத்து அங்குள்ள வைத்தியர் பதிந்திருக்க வேண்டும்.

ஊரிலிருந்து நாய்க்குட்டி கொண்டுவர ஆசைப்படுவோர் இன்னும் கவனிக்க வேண்டும். இலங்கை பிரித்தானியாவின் பட்டியலில் இல்லாத நாடு. குட்டிக்கு 12 வாரம் ஆனபின்தான் ஊசி. 30 நாள் கழித்து இரத்தப் பரிசோதனை. இரத்தம் எடுத்த நாளிலிருந்து 3 மாதம் காத்திருப்பு. கூட்டிப் பார்த்தால் கிட்டத்தட்ட 7 மாதம். விமானத்தில் சரக்காகவே வரும். பிழை இருந்தால் 4 மாதம் வரை எங்கள் செலவில் தனிமைப்படுத்தல், அல்லது திருப்பி அனுப்பல்.

விதியைக் குறை சொல்ல எங்களுக்கு மனமில்லை. விசர்நாய்க்கடி இன்றும் ஊரில் உயிர் எடுக்கிறது. ஆனால் விதி வளையாது என்பது பொய். 2022இல் உக்ரைன் அகதிகள் வந்தபோது பல ஐரோப்பிய நாடுகள் நாய் பூனைகளைச் சான்றிதழ் இல்லாமலே உள்ளே விட்டன. பிரித்தானியா தனிமைப்படுத்தியது, ஆனால் செலவை அரசே ஏற்றது. 1995 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்தை விட்டு நடந்த நாங்கள் வளவில் நாயை அவிழ்த்துவிட்டு வந்தவர்கள். அது பின்னால் ஓடிவந்ததையும் ஒரு இடத்தில் நின்றுவிட்டதையும் மறக்கவில்லை. எங்களுக்கே பத்திரம் இல்லாத காலம் அது.

2025 மே 19 லண்டன் மாநாட்டுக்குப் பின், ஒவ்வொரு பயணத்துக்கும் சான்றிதழ் எடுக்கும் நிலை நீங்கும் என்று பிரித்தானிய அரசு அறிவித்தது. அறிவிப்பை நம்பிப் பயணச்சீட்டு எடுக்க வேண்டாம். நடைமுறைக்கு வந்துவிட்டதா என்று அரச இணையத்தளத்தில் பார்த்துவிட்டு வெளிக்கிடுவோம். துறைமுகத்தில் நாயை விட்டுவிட்டுப் போகும் நிலை எங்கள் பிள்ளைகளுக்கும் வர வேண்டாம்.