மாப்பிள்ளை வீட்டார் எங்கே?

ஆபீஸில் பக்கத்து சீட் நண்பனுக்கு பாங்காக்கில் கல்யாணம். பெண் தாய்லாந்துக்காரி. (காதல்தான். பின்னே, ஜாதகமா பொருந்தியிருக்கும்?) பத்திரிகை கைக்கு வந்த அடுத்த நிமிஷம் நாங்கள் எட்டுப் பேர் கேன்டீனில் ஒரு வெள்ளைத்தாளோடு உட்கார்ந்துவிட்டோம். பார்க்க வேண்டிய இடங்களின் லிஸ்ட்! மொத்தம் 22 ஐட்டம். கல்யாணம் அதில் 17-வது.

உங்களுக்கும் இப்படி ஒரு பத்திரிகை வரலாம். லீவ் லெட்டர் எழுதுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

சென்னையிலிருந்து விமானத்தில் சுமார் மூன்றரை மணி நேரம். இறங்கியதும் கடிகாரத்தை ஒன்றரை மணி நேரம் முன்னால் தள்ளி வையுங்கள். விமான நிலையத்தின் பெயரே சுவர்ணபூமிதான். திரும்பி வரும்போது, புறப்பாடு பகுதியில் தேவர்களும் அசுரர்களும் பாற்கடல் கடைகிற பெரிய சிலை இருக்கும். போட்டோவுக்குக் கூட்டம் முண்டியடிக்கும்.

இனி எங்கள் கதை. முகூர்த்தம் காலை பத்து மணிக்கு மேல். அரண்மனை எட்டரைக்கே திறந்துவிடும். "அரை மணியில சுத்திட்டு ஓடி வந்துடலாம்டா" என்றான் ஒரு மேதாவி. மூன்று டுக்-டுக் பிடித்தோம். டுக்-டுக் என்பது நம் ஆட்டோவின் சித்தப்பா பையன். டிரைவரும் அதே வம்சம்தான். "இன்னிக்கு அரண்மனை லீவு. புத்தர் பண்டிகை. வேற இடம் காட்டறேன், காசு கொஞ்சமா குடுங்க போதும்" என்றார், உடைந்த இங்கிலீஷில். நம்பினோம்.

காட்டினார். ஒரு ரத்தினக்கல் கடை. பிறகு ஒரு கோட்டு தைக்கும் கடை. பிறகு இன்னொரு ரத்தினக்கல் கடை. அதற்குப் பிறகு பாங்காக் டிராஃபிக். மண்டபத்துக்குள் நுழைந்தபோது மணி 11.20.

அவர்கள் கல்யாணத்தில் 'கான் மாக்' என்று ஓர் ஊர்வலம் உண்டு. மாப்பிள்ளை வீட்டார் மேளதாளத்தோடு சீர்வரிசைத் தட்டுகளைத் தூக்கிக்கொண்டு, ஆடிப் பாடி, பெண் வீட்டுக்குப் போக வேண்டும். வழியில் பெண்ணின் தோழிகள் சங்கிலியை நீட்டி மறிப்பார்கள். கவரில் காசு கொடுத்தால்தான் வழி. நம் நாத்தனார்கள் தோற்றார்கள்! இன்னொரு சங்கதி: அங்கே 'சின் சோட்' என்று மாப்பிள்ளை வீடுதான் பெண் வீட்டுக்குப் பணம் தர வேண்டும். ஆமாம் சார், நாம்தான்! (பல வீடுகளில் அதைப் பிறகு தம்பதிக்கே திருப்பித் தந்துவிடுகிறார்கள். பெருந்தன்மை.)

நண்பன் தரப்பில் வந்திருந்தது அப்பா, அம்மா, ஒரு மாமா. மற்ற சொந்தமெல்லாம் கோபத்தில் ஊரிலேயே தங்கிவிட்டது. அதாவது, மாப்பிள்ளை வீட்டார் என்றால் நாங்கள் எட்டுப் பேர்தான். அந்த எட்டுப் பேரும் கோட்டுக்கு அளவு கொடுத்துக்கொண்டிருந்தோம்.

அவன் அப்பா எங்களைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "தட்டு தூக்க ஆள் பத்தலை தம்பி. பொண்ணு வீட்டுப் பசங்களே நம்ம பக்கம் வந்து நின்னு தூக்கிட்டாங்க. நல்ல பசங்க" என்றார். "சாப்பிட்டீங்களா?" என்று வேறு கேட்டார்.

பெண்ணும் மாப்பிள்ளையும் தலையில் வெள்ளை நூல் வளையத்தோடு, கை கூப்பி உட்கார்ந்திருந்தார்கள். இருவர் வளையத்தையும் ஒரே நூல் இணைத்திருந்தது. ஒவ்வொருவராகப் போய் அவர்கள் கையில் சங்கால் நீர் வார்க்க வேண்டும். என் முறை வந்தது. நண்பன் நிமிர்ந்து பார்த்தான்.

"அரண்மனை நல்லா இருந்துச்சாடா?"

"மூடியிருந்துதுடா..."

பக்கத்திலிருந்த பெண்ணின் அண்ணன் சிரித்தார். "இன்னிக்குத் திறந்துதான் இருக்கு!"

ஆகவே நண்பர்களே, லிஸ்ட்டில் நம்பர் ஒன், கல்யாணம். கறுப்புச் சட்டை வேண்டாம், அது துக்கத்துக்கு. யார் தலையையும் தொடாதீர்கள், குழந்தை தலையாக இருந்தாலும். காலை யார் பக்கமும் நீட்டாதீர்கள். பத்திரிகை வந்த கவரைப் பத்திரப்படுத்துங்கள். மொய் அதில்தான் வைப்பார்கள்.

மறுநாள் ஊர் சுற்றுங்கள். அரண்மனைக்கு ஷார்ட்ஸ் கூடாது. கோயிலில் மரகத புத்தரின் உயரம் 66 செ.மீ.தான். வருஷத்துக்கு மூன்று முறை பருவத்துக்கேற்ப உடை மாறும். சுற்று மண்டபத்தில் 178 சுவரோவியங்களில் ராமாயணம். அவர்கள் ராமாயணத்தில் அனுமாருக்கு ஒன்றுக்கு மேற்பட்ட காதலிகள்! நம் ஆஞ்சநேய பக்தர்கள் அதிர்ச்சி அடைய வேண்டாம். பக்கத்திலேயே வாட் போ. பள்ளிகொண்ட புத்தர் 46 மீட்டர் நீளம். போட்டோவில் தலை வந்தால் கால் வராது. படகில் அக்கரை போனால் வாட் அருண். பெயர் நம் அருணனுடையது.

ராட்சத ஊஞ்சல் என்று ஒன்று இருக்கிறது. ஊஞ்சல் கிடையாது, சிவப்புத் தூண்கள் மட்டும். அங்கே ஆடுவது 1935-ல் நின்றுபோனது. அந்த விழாவின் பெயர் 'திரியம்பவாய்'. நம் திருவெம்பாவையேதான்! சனி, ஞாயிறு என்றால் சாட்டுசாக் சந்தை. டிராஃபிக்குக்கு மருந்து, 1999-லிருந்து ஓடும் வான் ரயில்.

கடைசியாக சீலோம் சாலை மாரியம்மன் கோயில். 19-ஆம் நூற்றாண்டில் நம் தமிழர்கள் கட்டியது. நெற்றியில் குங்குமத்தோடு ஊர் ஞாபகம் வந்துவிடும். தாய்லாந்துக்காரர்கள் அதை 'வாட் கேக்' என்கிறார்கள். பேக்கரி கேக் இல்லை. அவர்கள் பாஷையில் 'கேக்' என்றால் விருந்தாளி. நம் மாதிரி ஆட்களுக்கும் அதே பெயர்தான்.

கோயில் வாசலில் இதை நண்பனின் அப்பாதான் விளக்கினார், யாரிடமோ கேட்டுத் தெரிந்துகொண்டு. எங்கள் எட்டுப் பேருக்கும் அவரே பிரசாதம் வாங்கி வந்து கொடுத்தார்.

"விருந்தாளிங்க இல்லையா, முதல்ல நீங்க எடுத்துக்குங்க" என்றார்.

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். எங்களுக்குத்தான் தொண்டையில் இறங்கவில்லை.