புக்கிட் ரம்பாய்க் காற்றுக்கு மூன்று கணக்கு

புகைமூட்டக் காலம் வந்துவிட்டால் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீட்டுப் பட்டியலை நாள்தோறும் பார்க்கிறோம். மலாக்கா மாநிலத்தின் வரிசையில் புக்கிட் ரம்பாய் என்ற பெயரும் இருக்கும். எண் 100ஐத் தாண்டினால் பள்ளித் திடலில் விளையாட்டு நின்றுவிடும். 200ஐத் தாண்டினால் பள்ளியையே மூட வேண்டிவரும். இவ்வளவு அதிகாரம் உள்ள அந்த எண்ணை நாம் மழை வருமா வராதா என்று பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறோம். அதற்குப் பின்னால் அணு இயற்பியல் இருக்கிறது, மனித உடலியல் இருக்கிறது. அந்த எண்ணால் யாருக்கு எவ்வளவு இழப்பு என்று சொல்ல வேண்டிய சொத்து மதிப்பீட்டு இயலும் இருக்கிறது. பல்கலைக்கழகங்களில் இம்மூன்றும் தனித்தனிக் கட்டடங்களில் குடியிருக்கின்றன. தொழிற்பேட்டையும் குடியிருப்பும் பள்ளியும் அருகருகே உள்ள புக்கிட் ரம்பாய் போன்ற ஊர்களில் இவற்றை ஒன்றாக உட்காரவைத்தால் ஒழிய, இங்கு வாழும் மக்களுக்கு அந்த எண்ணால் பாதிப் பயன்கூட இல்லை.

காற்றில் மிதக்கும் தூசியை எப்படி எடைபோடுகிறார்கள் என்பதை முதலில் பார்ப்போம். ஒரு கனமீட்டர் காற்றில் இருப்பது ஒரு கிராமில் பத்து லட்சத்தில் சில பத்துப் பங்குதான். சாதாரணத் தராசு அதற்கு உதவாது. மலேசியாவின் தானியங்கிக் கண்காணிப்பு நிலையங்களில் பல ஆண்டுகள் இந்த வேலையைச் செய்தது பீட்டா கதிர். கருவிக்குள் பழைய ஒலிநாடாவைப் போல ஒரு வடிகட்டி நாடா சுற்றியிருக்கும். நாடாவின் ஒரு பக்கம் கார்பன்-14 அடங்கிய சிறு துணுக்கு, மறுபக்கம் கதிரை எண்ணும் உணரி. வெறும் நாடாவைத் துளைத்துக்கொண்டு எத்தனை எலெக்ட்ரான்கள் வருகின்றன என்று கருவி எண்ணிக்கொள்ளும். பிறகு அதே இடத்தின் வழியாக நிமிடத்துக்கு 16.7 லிட்டர் வீதம் வெளிக்காற்றை இழுக்கும். தூசி படிந்த பிறகு மறுபடி எண்ணும். எண்ணிக்கை குறைந்ததைக் கொண்டு தூசியின் எடை தெரியவரும். நாடா நகர, மணிக்கு ஒன்றாக சாம்பல் நிறப் பொட்டுகள் அதில் வரிசையாக விழுந்துகொண்டே போகும். கார்பன்-14இன் அரை ஆயுள் 5,730 ஆண்டுகள் என்பதால் கருவி உழைக்கும் காலம் முழுதும் கதிரின் பலம் அநேகமாக மாறுவதில்லை. பின்னாளில் அதிர்வைக் கொண்டு எடைபார்க்கும் கருவிகள் வந்தன. ஆனாலும் அணு என்றதும் குண்டையும் உலையையும் மட்டுமே நினைக்கும் நம்மவர்கள், நம் தெருக்காற்றை நீண்டகாலம் நிறுத்துத் தந்தது ஓர் அணுக்கருவின் சிதைவு என்பதை அறிந்திருக்க வேண்டும்.

கருவி இழுக்கும் காற்று 16.7 லிட்டர். மனிதர் இழுப்பது எவ்வளவு? சும்மா உட்கார்ந்திருப்பவர் நிமிடத்துக்கு 6 முதல் 8 லிட்டர். செம்பனைக் குலையை அறுத்துத் தள்ளுவண்டியில் ஏற்றித் தள்ளுகிறவருக்கு 30 லிட்டரும் போதாது. மூச்சு வாங்கும்போது வாயாலும் இழுப்பதால் மூக்கு வடிகட்டித் தரும் பாதுகாப்பும் போய்விடுகிறது. குளிர்சாதன அலுவலகத்தில் இருப்பவருக்கும் அவருக்கும் பட்டியலில் ஒரே எண்தான். நுரையீரலுக்குள் போகும் தூசியோ நாலைந்து மடங்கு. குழந்தையும் தன் எடைக்குப் பெரியவரைவிட அதிகக் காற்றை உள்ளிழுக்கிறது. அதோடு, தூசிக்கான குறியீடு 24 மணி நேரச் சராசரி. விடியற்காலையில் இரண்டு மணி நேரம் கனமாக வந்துபோன புகை, மீதி 22 மணி நேரத்தில் கரைந்து காணாமல் போய்விடும். 2.5 மைக்ரோமீட்டருக்கும் சிறிய நுண்துகள்கள் 2018இல்தான் நம் குறியீட்டுக் கணக்கில் சேர்ந்தன. தலைமுடியின் தடிமனில் இருபதில் ஒரு பங்குகூட வராத இவையே நுரையீரலின் காற்றறைகள்வரை இறங்குகின்றன. அவற்றின் தீங்கை உலகுக்கு அழுத்தமாகச் சொன்னது அமெரிக்காவின் ஆறு நகரங்களில் 8,111 பேரை 14 முதல் 16 ஆண்டுகள் பின்தொடர்ந்து 1993இல் வெளியான ஹார்வர்ட் ஆய்வு. புகைபிடித்தல் போன்ற காரணங்களைக் கழித்த பிறகும், மிக மாசடைந்த நகரத்தின் இறப்பு விகிதம் மிகத் தூய நகரத்தைவிட 26 விழுக்காடு கூடுதலாக இருந்தது.

மூன்றாவது கணக்கு பணக்கணக்கு. எனக்கு அதிகக் கவலை தருவது இதுதான். 1997 ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரையிலான புகைமூட்டத்தால் மலேசியாவுக்கு ஏற்பட்ட இழப்பு சுமார் 802 மில்லியன் ரிங்கிட் என்று பொருளியலாளர்கள் மதிப்பிட்டார்கள். சுற்றுப்பயணிகள் வராததால் ஏற்பட்ட இழப்பு அதில் 300 மில்லியனுக்கு மேல். நோய்க்கான செலவு ஏறத்தாழ 21 மில்லியன் மட்டுமே. விடுதி அறைகள் காலியாக இருந்ததற்குக் கணக்கில் கிடைத்த இடத்தில் பத்தில் ஒரு பங்குகூட மக்களின் இருமலுக்குக் கிடைக்கவில்லை. ஆய்வாளர்களைக் குறை சொல்வதற்கில்லை. மருந்துச் செலவும் மருத்துவமனைச் செலவும் வேலைக்குப் போகாத நாளும் ரசீதாக வரும். பத்தாண்டு கழித்துத் தேய்ந்துபோகும் நுரையீரலுக்கு ரசீது கிடையாது. அந்தத் தேய்மானத்தை உடலியலாளர் அளந்து கொடுத்தால்தான் மதிப்பீட்டாளர் அதைக் கணக்கில் ஏற்ற முடியும். அமெரிக்காவில் வீட்டு விலையை வைத்தே காற்றின் மதிப்பைக் கண்டார்கள். 1970களில் சட்டத்தால் காற்று தூய்மையான மாவட்டங்களில் வீட்டுச் சொந்தக்காரர்களின் சொத்து மொத்தம் 45 பில்லியன் டாலர் அளவுக்கு உயர்ந்தது என்று 2005இல் பொருளியலாளர்கள் சேயும் கிரீன்ஸ்டோனும் காட்டினார்கள். அதே முறையை இங்கே அப்படியே கொண்டுவந்தால் தலைகீழான விடை வரலாம். பால்மரக்காடு தொழிற்பேட்டையானால் நிலவிலை ஏறும். காற்று கெட்டாலும் ஏறும். வாடகைக்கு இருப்பவரும், லயத்து வீட்டில் பிறந்து சொந்த மனை இல்லாமலே ஓய்வு பெற்றவரும் அந்த விலையில் எங்கும் வருவதில்லை. பெருந்தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்ற தோட்டத் துண்டாடல் காலத்திலும் இப்படித்தான். ஏக்கருக்கு விலை பேசினார்கள். அந்த ஏக்கரில் உழைத்தவரின் வேலைக்கும் கூரைக்கும் யாரும் விலை பேசவில்லை. தொழிலாளர்களே நிலத்தின் உரிமையாளராக வேண்டும் என்று 1960இல் துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியது அந்தக் கணக்குக்கு எதிராகத்தான்.

மூச்சுக்கு விலை போடுவதே இழிவு என்று சிலர் சொல்வார்கள். அந்த உணர்வை மதிக்கிறேன். ஆனால் ஒரு தொழிற்சாலைக்கு அனுமதி தரும்போதும், இழப்பீடு பேசும்போதும் மேசையில் ஏதோ ஓர் எண் இருக்கத்தான் போகிறது. மூச்சுக்கு எண் இல்லாவிட்டால் அது பூச்சியமாகக் கருதப்படும். மூன்று துறைகளைக் கலந்தால் எதிலும் ஆழம் இராது என்ற எதிர்ப்பு இதைவிட வலுவானது. மேலோட்டமான பலதுறை ஆய்வுகளுக்குப் பஞ்சமில்லை என்பதும் உண்மையே. நான் கேட்பது மூன்றும் தெரிந்த ஓர் அறிஞரை அன்று. அவரவர் தம் துறையை ஆழமாகச் செய்யட்டும்; ஆனால் ஒரே ஊரில், ஒரே நாள்களில், ஒரே மக்களிடம் செய்யட்டும். தூசியை ஓர் ஊரில் அளந்து, நுரையீரலை வேறு ஊரில் சோதித்து, வீட்டு விலையை மூன்றாவது ஊரில் பார்த்தால் மூன்றையும் பின்னால் எந்தப் பசையாலும் ஒட்ட முடியாது.

புகை அண்டை நாட்டிலிருந்து வருகிறது, புக்கிட் ரம்பாயில் ஆய்வு செய்து என்ன பயன் என்றும் கேட்கலாம். எல்லை தாண்டும் புகைமூட்டம் குறித்த ஆசியான் ஒப்பந்தம் 2002இல் கோலாலம்பூரில் கையெழுத்தானது. இந்தோனேசிய நாடாளுமன்றம் அதை ஏற்க 2014 வரை ஆனது. அப்படிப்பட்ட பேச்சுவார்த்தை மேசையில் பேச, புகையில் எத்தனை பங்கு வெளியிலிருந்து வந்தது, எத்தனை நம் வாசலில் பிறந்தது என்ற விவரம் தேவை. இங்கேயும் அணு இயற்பியல் கைகொடுக்கிறது. பாங்கியில் 1982 முதல் நாட்டின் ஆய்வு உலை இருக்கிறது. தூசி படிந்த வடிகட்டியின் மேல் நியூட்ரான்களைப் பாய்ச்சினால் அதிலுள்ள பல தனிமங்கள் தம்மை அடையாளம் காட்டிவிடும். பொட்டாசியம் மிகுந்திருந்தால் மரமும் செடியும் எரிந்த புகை என்று ஐயப்படலாம். வனேடியமும் நிக்கலும் சேர்ந்து வந்தால் கனமான எண்ணெய் எரிந்திருக்கும். பழியை யார்மேலும் குருட்டுத்தனமாகச் சுமத்தாமல் இருக்கவும் இதுவே வழி.

டுரியான் துங்காலில் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் இருக்கிறது, மலாக்காவில் அரசு மருத்துவமனை இருக்கிறது, புக்கிட் ரம்பாயில் நிலையம் இருக்கிறது. ஒரு சுற்று ஆய்வுக்குச் செம்பனைத் தொழிலாளர், தொழிற்சாலை இரவுப்பணியாளர், பள்ளிப் பிள்ளைகள் ஆகியோரின் மூச்சுத்திறனை ஊதுகருவியால் ஓரிரு ஆண்டுகள் அளந்து, நிலையத்தின் மணிவாரிப் பதிவோடும், மருந்துச் செலவோடும், வாடகையோடும் பொருத்திப் பார்த்தால் போதும். முடிவை மலாயிலும் தமிழிலும் சீனத்திலும் வெளியிட வேண்டும். அதுவரை ஒரு சிறு காரியத்தை நாளைக்கே செய்யலாம். காலைச் சபைகூடலுக்குப் பிள்ளைகளைத் திடலில் நிறுத்தலாமா என்று முடிவெடுக்கும் ஆசிரியருக்கு, நேற்றிலிருந்து சேர்த்துக் கூட்டி வகுத்த சராசரியோடு, அன்று காலை ஆறு மணிக்குக் கருவி கண்ட தூசியின் அளவையும் அனுப்பிவைக்க வேண்டும்.