காலைக் காட்டக் கூச்சம் ஏன்?

பெரிய வியாழன் வழிபாட்டில் பன்னிரண்டு பேருடைய பாதங்களைக் கழுவுவது எமது வழக்கம். எல்லோரும் வீட்டிலேயே காலைத் தேய்த்துக் கழுவிக்கொண்டுதான் வருவார்கள். அழுக்குக் காலோடு ஒருவரும் பீடத்தருகே வந்து அமர்ந்ததை நான் கண்டதில்லை. ஆனால் வெடிப்பையும் தழும்பையும் காலாணியையும் கழுவி மறைக்க முடியாது. சில வருடங்களுக்கு முன்னர் படுவான்கரைக் கிராமமொன்றில் ஒரு முதியவரின் வலது பாதத்தைத் தொட்டதும் அவர் வெடுக்கென இழுத்துக்கொண்டார். விரல்களுக்குக் கீழே மிளகளவில் ஒரு காலாணி. அதைச் சுற்றிப் பிளேட்டால் சீவிய காயங்கள்.

வழிபாடு முடிந்தபின் விசாரித்தேன். "முகாமால வந்த நாளையில இருந்து இருக்கு, சாமி" என்றார். ஆஸ்பத்திரிக்குப் போகவில்லையா என்றதற்கு, "இதுக்கெல்லாம் ஆர் சாமி ஆஸ்பத்திரிக்குப் போறது?" என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்பே என்னை எழுதத் தூண்டியது. 1990இலும், பின்னர் 2007 மார்ச் மாதத்திலும் எம்மவர் பலர் பிள்ளைகளையும் பெட்டிகளையும் சுமந்து நடந்தே வந்தவர்கள். முகாமில் கிடைத்த சப்பாத்தும் செருப்பும் அளவு பாராமல் மாட்டிக்கொள்ளப்பட்டன. மீளக்குடியமர்ந்தபோது விதைநெல், மண்வெட்டி, கூரைத்தகரம் என்று கணக்கெடுத்தோம். கணக்கெடுத்தவர்களில் நானும் ஒருவன். வட்டைக்கு நடந்து போகவேண்டிய கால்களை நாம் கேட்கவேயில்லை.

ஆணி என்ற பெயரே எம்மை ஏமாற்றுகிறது. உள்ளே வேரோடிய ஏதோ ஒன்று இருக்கிறது, தோண்டி எடுத்தால் தீர்ந்துவிடும் என்று நினைக்கிறோம். உண்மையில் அங்கு வேர் எதுவுமில்லை. ஒரே இடத்தில் தொடர்ந்து அழுத்தமும் உராய்வும் படும்போது, தோல் தன்னைக் காத்துக்கொள்ளத் தடிக்கிறது. அத்தடிப்பின் நடுப்பகுதி கூம்புபோல இறுகி உள்நோக்கி அழுத்துவதாலேயே குத்துகிறது. அழுத்தம் நீங்காதவரை, எத்தனை முறை வெட்டினாலும் திரும்ப வரும்.

வைத்தியர் செய்வது பெரிய சத்திரசிகிச்சை அன்று. கிருமி நீக்கிய கூரிய கத்தியால் இறந்த தோலைப் படைபடையாகச் சீவுவார். இறந்த தோலாதலால் பெரும்பாலும் நோவதில்லை, மயக்க மருந்தும் வேண்டியதில்லை. சிலருக்கு சலிசிலிக் அமிலம் கொண்ட மருந்தோ ஒட்டுப் பிளாஸ்டரோ தருவார். அது தடித்த தோலை மென்மையாக்கும். நல்ல தோலில் பட்டால் புண்ணாக்கிவிடும். விரல் எலும்பு கோணலாகி அதனால் காலாணி வந்தவர்களுக்கே சத்திரசிகிச்சை யோசிக்கப்படும். உள்ளங்காலில் வருவதெல்லாம் காலாணியும் அல்ல. மருவாகவோ, முறிந்த முள்ளாகவோ இருக்கலாம். அவற்றுக்கு வைத்தியம் வேறு. அரசாங்க வைத்தியசாலையில் இதைக் காட்டக் கட்டணமில்லை. மேலைநாடுகளில் பாதத்துக்கென்றே பயின்ற தொழிலார் இருக்கிறார்கள். எமக்கு வெளிநோயாளர் பிரிவே வாசல்.

வீட்டில் பிளேட்டால் சீவுவோரும், எருக்கம்பால், சேங்கொட்டை வைத்துச் சுடுவோரும் ஒன்றை நினைக்கவேண்டும். காயத்தோடு மறுநாள் வயல் நீரில் இறங்குகிறோம். எலிக்காய்ச்சல் கிருமி உட்புகுவது இத்தகைய காயங்கள் வழியேதான்.

இன்னும் ஆபத்தானது, நோகாத கால். நீரிழிவு நாட்பட்டால் பாதத்தின் உணர்வு மங்கும், இரத்த ஓட்டமும் குறையும். அப்படிப்பட்டவர் தாமே சீவினாலும், கடையில் வாங்கிய பிளாஸ்டரை ஒட்டினாலும், புண் ஆழமாகி விரலையோ காலையோ இழக்க நேரலாம். தொழுநோயும் உணர்வைப் பறிக்கும். எமது வாவியின் நடுவே மாந்தீவில் தொழுநோய் வைத்தியசாலை இருந்ததை அறியாதார் இல்லை. ஆயினும் அந்நோய் மட்டக்களப்பில் இன்னும் முற்றாக ஒழியவில்லை என்பதைப் பலர் அறியார். தொழுநோயாளரின் பாதம் தானாக அழுகுவதில்லை, நோவு தெரியாமல் மிதிப்பதாலேயே புண்ணாகிறது என்பதை வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய டொக்டர் போல் பிராண்ட் எடுத்துக்காட்டினார். மென்மையான இரப்பர் அடியுள்ள செருப்பு அங்கே மருந்தோடு சேர்ந்த வைத்தியமாயிற்று. உணர்வற்ற வெளிறிய தேமல் இருந்தால் ஒளிக்காதீர்கள். மருந்து இலவசம், நோயும் குணமாகும்.

எமது கமக்கார அமைப்புகளும் மாதர் சங்கங்களும் உரத்துக்கும் கடனுக்கும் கூட்டம் கூட்டுகின்றன. வருடத்தில் ஒரு கூட்டத்துக்காவது சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலிருந்து ஒருவரை அழைத்து, எல்லோரும் செருப்பைக் கழற்றிக் காலைக் காட்டினால் என்ன? குறிப்பாகப் பெண்கள். கணவனின் காய்ச்சலுக்கு ஓடுகிறவர்கள், தம் காலைக் காட்டக் கூசுகிறார்கள்.

அந்த முதியவரை வற்புறுத்தி அழைத்துப் போனேன். வைத்தியர் முதலில் இரத்தத்தில் சீனி பார்க்கச் சொன்னார். சீனி இல்லை. சில நிமிடங்களில் காலாணியைச் சீவியபின், "செருப்பைக் காட்டுங்கள்" என்றார். வார் அறுந்த இடத்தில் ஊக்கு குத்தியிருந்தது. அதன் முனை சரியாகக் காலாணிக்குக் கீழே மேடிட்டிருந்தது. வைத்தியர் ஒன்றும் சொல்லாமல் என்னைப் பார்த்தார்.

புதுச்செருப்பு வாங்கிவிட்டார். பழையதை எறியவில்லை. வாடியில் போட்டுக்கொள்ள வைத்திருக்கிறாராம். அதைப் பற்றி இருவரும் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறோம்.