காசு வாங்காவிட்டாலும் குற்றம்தான்!

எங்கள் குடியிருப்புக்குப் பக்கத்துச் சாலில் ஓர் இளைஞர் இருக்கிறார். நெல்லைச் சீமைக்காரர். தனியார் கம்பெனி ஒன்றில் பில் எழுதும் வேலை. இரவு பத்து மணிக்கு லோக்கல் ரயிலில் நசுங்கி வந்து இறங்கும் நம் ஆட்களால், எட்டு மணித் தொடரையும் ஒன்பது மணித் தொடரையும் பார்க்க முடிவதில்லை. அவர்களுக்காகத் தம் வீட்டு டி.வி.யில் ஓடும் தொடர்களைப் பதிவு செய்து, காணொளித் தளம் ஒன்றில் அவர் தினமும் ஏற்றி வந்தார். மறுநாள் ரயிலில் போகும்போது நம்மவர்கள் கைப்பேசியில் பார்த்துக் கொள்வார்கள். "தம்பி புண்ணியவான்" என்று வாழ்த்தாதவர் இல்லை.

ஒரு நாள் காலை பார்த்தால் அந்தக் கணக்கே இல்லை. தொடரின் உரிமையாளரிடமிருந்து மூன்று புகார்கள் வந்து, கணக்கு மூடப்பட்டுவிட்டது. தொடர்கள் போனதைப் பற்றி அவருக்குப் பெரிய வருத்தமில்லை. அதே கணக்கில்தான் ஊர்க் கோயில் கொடையின் வில்லுப்பாட்டும், அவருடைய ஆச்சி பாடிய தாலாட்டும் இருந்தன. ஆச்சி காலமாகி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. படம் பிடித்த பழைய கைப்பேசியையோ எக்ஸ்சேஞ்சில் கொடுத்து விட்டார். வேறு பிரதி கிடையாது.

"அண்ணாச்சி, நான் யார்கிட்டயும் ஒரு பைசா வாங்கலையே! நம்ம ஆளுகளுக்குத்தானே போட்டேன்? இதுல என்ன தப்பு?" என்று என்னிடம் கேட்டார்.

கேட்பதற்கு நியாயமாகவே படுகிறது. ஆனால் சட்டம் வேறு விதமாகப் பேசுகிறது. அதை நம்மில் பலர் அறிந்து கொள்ளவில்லை என்பதாலேயே இதை எழுதுகிறேன்.

சட்டம் சொல்வது என்ன?

நம் நாட்டில் இதற்கான சட்டம் 1957-ம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம். பிறருடைய படைப்பை அனுமதியின்றிப் பொதுமக்களுக்குக் கொண்டு செல்வது உரிமை மீறல். தெரிந்தே அப்படிச் செய்தால் அச்சட்டத்தின் 63-வது பிரிவின்படி 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை. 50 ஆயிரம் ரூபாய் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம்.

"வியாபாரத்துக்காகச் செய்யவில்லையே" என்பவருக்கு அதே பிரிவில் ஒரு சலுகை உண்டு. லாபத்துக்காகச் செய்யவில்லை என்றால், தக்க காரணங்களைத் தீர்ப்பில் எழுதி, தண்டனையைக் குறைத்துக் கொடுக்கக் கோர்ட்டுக்கு அதிகாரம் இருக்கிறது. ஆனால் கவனியுங்கள்: தண்டனைதான் குறையுமே தவிர, குற்றம் இல்லையென்று ஆகிவிடாது. காசு வாங்காதது கருணைக்குக் காரணமாகலாம், விடுதலைக்குக் காரணமாகாது. இந்த 63-வது பிரிவுக் குற்றம், போலீசார் வாரண்டு இல்லாமலே கைது செய்யத்தக்கது என்றும், ஜாமீனை உரிமையாகக் கேட்க முடியாதது என்றும் சுப்ரீம் கோர்ட்டு 2022 மே மாதம் தீர்ப்பளித்திருக்கிறது. நடைமுறையில் பெரும்பாலான விவகாரங்கள் காணொளியை நீக்குவதோடு முடிந்து விடுகின்றன என்பது உண்மையே. ஆனால் தலைக்கு மேல் கத்தி தொங்குகிறது என்பதும் உண்மை.

சொந்த உபயோகத்துக்கும், விமர்சனத்துக்கும், நடப்புச் செய்திக்கும் நியாயமான அளவில் பயன்படுத்திக் கொள்ளச் சட்டத்தின் 52-வது பிரிவு இடம் தருகிறது. தொடரைப் பற்றி நாலு வார்த்தை விமர்சித்து, அதற்கு வேண்டிய ஒரு சிறு துண்டைக் காட்டினால் இந்தப் பிரிவைச் சொல்லி வாதாடலாம். முழு அத்தியாயத்தையும் தூக்கிப் போட்டுவிட்டு விமர்சனம் என்றால் எந்தக் கோர்ட்டு ஒப்புக்கொள்ளும்?

நம் பையன்களிடையே சில தந்திரங்களும் உலவுகின்றன. படத்தை இடம் வலமாகத் திருப்புவது, நான்கு பக்கமும் சட்டம் போட்டுச் சிறிதாக்குவது, குரலைச் சற்றுக் கீச்சென்று ஆக்குவது என்று பல. கணினியின் கண்ணுக்குத் தப்பவே இவ்வளவும். அடியில் "உரிமையை மீறும் நோக்கம் இல்லை" என்று ஒரு வரி வேறு! இந்த வரியால் எந்தப் பாதுகாப்பும் கிடையாது. உரிமை பிறருடையது என்று தெரிந்தேதான் செய்தேன் என்று தாமே எழுதிக் கொடுத்தது போலத்தான் ஆகும்.

"பழைய நிகழ்ச்சிதானே" என்பது இன்னொரு தவறான எண்ணம். ஒளிபரப்பு நிறுவனத்துக்கு ஒளிபரப்பின் மீதுள்ள தனி உரிமை 25 ஆண்டு. ஆனால் படமாகப் பதிவான நிகழ்ச்சிக்குள்ள பதிப்புரிமையோ, வெளிவந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து கணக்கிட்டு 60 ஆண்டு. 1985-ல் வந்த ஒரு தொடர் 2045 முடியும் வரை உரிமையாளருடையதுதான்.

பெரியவர்கள் தப்பித்துக் கொண்டார்கள்

இந்தத் தகராறு புதிதல்ல. 1980-களில் டி.வி.யையும் டெக்கையும் வாடகைக்கு எடுத்து, சால் முழுவதும் கூடி உட்கார்ந்து விடிய விடியப் படம் பார்த்ததை நம் பெரியவர்கள் இன்னும் சொல்லுவார்கள். அந்தக் கேசட்டுகளில் எது நல்லது, எது திருட்டுப் பிரதி என்று யார் கேட்டார்கள்? அந்த வீடியோ திருட்டை ஒடுக்கவே 1984-ல் பதிப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்டு, தண்டனை கடுமையாக்கப்பட்டது. அன்று வீடியோ கடைக்காரரை நினைத்துக் கூட்டிய தண்டனைதான் இன்று கைப்பேசி வைத்திருக்கும் பையன் மீதும் பாய்கிறது.

2005-ல் அமெரிக்காவில் யூ டியூப் தொடங்கியது. மறு ஆண்டே கூகுள் அதை 165 கோடி டாலருக்கு வாங்கியது. டி.வி. நிகழ்ச்சிகளைப் பொதுமக்கள் ஏற்றுவதைக் கண்ட வயாகாம் நிறுவனம், 2007 மார்ச்சில் 100 கோடி டாலருக்கு மேல் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டது. ஏழு ஆண்டு இழுத்து, 2014-ல் இரு தரப்பும் சமரசமாயின.

இதற்கிடையில், புகார் வந்ததும் நீக்கிவிட்டால் தளத்தின் மீது பொறுப்பில்லை என்ற ஏற்பாடு உறுதிப்பட்டது. இந்தியாவிலும் 2012-ம் ஆண்டுத் திருத்தத்தின்படி, உரிமையாளர் எழுத்து மூலம் புகார் கொடுத்தால் தளம் அந்தக் காணொளியை 21 நாள் நிறுத்தி வைக்க வேண்டும். அதற்குள் கோர்ட்டு உத்தரவு வராவிட்டால் திரும்பவும் போடலாம். யூ டியூபிலோ, 90 நாளுக்குள் மூன்று புகார்கள் உறுதியானால் கணக்கே போய்விடும். உரிமையாளர் விரும்பினால், நீக்காமல் விட்டுவைத்து விளம்பர வருமானத்தைத் தாம் எடுத்துக் கொள்ளவும் அங்கே வழி உண்டு. ஆகத் தளத்துக்கும் நஷ்டமில்லை, கம்பெனிக்கும் நஷ்டமில்லை. பழி சுமக்க எஞ்சியிருப்பவர் ஏற்றியவர் ஒருவர்தான்.

டிக்கெட் இல்லாப் பயணமா?

ரயில்வேயில் வேலை பார்ப்பவன் என்பதால் எனக்கு உடனே நினைவுக்கு வருவது டிக்கெட் இல்லாப் பயணிதான். பிடிபட்டவர்களில் சிலர் கேட்பார்கள்: "நான் ஏறாவிட்டாலும் ரயில் போகத்தானே போகிறது? உங்களுக்கு என்ன நஷ்டம்?" ஒருவர் கேட்டால் பதில் சொல்லத் திணறத்தான் வேண்டும். எல்லோரும் கேட்டால் ரயிலே ஓடாது. தொடர் எடுப்பதும் அப்படித்தான். நடிகர்களை மட்டும் பார்க்காதீர்கள். விளக்குப் பிடிப்பவர், ஒப்பனை போடுபவர், சமையல் செய்பவர் என்று நாள் கூலிக்காரர்கள் எத்தனை பேர்! அவர்களும் நம்மைப் போல் உழைத்துச் சாப்பிடுபவர்கள்தாம். திருட்டுத்தனமாகப் பார்க்கும் படத்திலிருந்து அவர்களுக்கு ஒரு காசும் போவதில்லை.

அதுவும், டிக்கெட் வாங்காமல் ஏறுகிறவர் தாம் ஒருவர்தான் ஏறுகிறார். தொடரை ஏற்றுகிறவரோ, ஸ்டேஷன் மதிலில் ஓட்டை போட்டு ஆயிரம் பேரை உள்ளே விடுகிறார். ஆகவே அந்த இளைஞரிடம் நான் சொன்னது இதுதான்: "தம்பி, மனசு நல்ல மனசுதான். செஞ்சது சரியில்ல."

கவுண்டரே இல்லாவிட்டால்?

ஆனால் விஷயம் இத்தோடு முடியவில்லை. டிக்கெட் கேட்கும் உரிமை ரயில்வேக்கு ஏன் வந்தது? டிக்கெட் கொடுக்கக் கவுண்டர் வைத்திருப்பதால்தானே! கவுண்டரே இல்லாத ஸ்டேஷனில் நிற்பவனைப் பார்த்து டிக்கெட் எங்கே என்றால் அவன் என்ன செய்வான்?

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் தொடங்கியது 1975 ஆகஸ்ட் 15. அதன் 'ஒளியும் ஒலியும்' அன்று பம்பாய்த் தமிழனுக்கு எட்டாத கனி. லீவில் ஊருக்குப் போனால், வெள்ளிக்கிழமை பக்கத்து வீட்டு வாசலில் நின்று பார்த்ததோடு சரி. அந்தக் காலத்து நாடகங்களையும், பேட்டிகளையும், 'வயலும் வாழ்வும்' நிகழ்ச்சியையும் இன்று பார்க்க விரும்புகிறவர், யாரோ ஒருவர் வீட்டு நாடாவிலிருந்து எடுத்து ஏற்றிய துண்டைத்தான் தேடிப் போகிறார். லைசென்ஸ் கட்டிய காலத்திலிருந்து மக்கள் பணத்தில் நடந்த நிலையம் அது. மக்கள் அதைப் பார்க்க மதிலேறிக் குதிக்க வேண்டுமா?

வைத்திருப்பவர்கள் காப்பாற்றுவார்கள் என்பதும் நிச்சயமில்லை. உலகப் புகழ் பெற்ற பி.பி.சி.யே 1960-களிலும் 70-களிலும் தன் நாடாக்களை அழித்து மறுபடியும் உபயோகித்தது. 'டாக்டர் ஹூ' என்ற தொடரின் பல அத்தியாயங்கள் அப்படியே காணாமற்போயின. ஆனால் அவற்றின் ஒலி மட்டும் முழுவதும் இருக்கிறது. எப்படி? ரசிகர்கள் தங்கள் வீட்டில் டி.வி. பெட்டி முன் டேப் ரிக்கார்டரை வைத்துப் பதிவு செய்திருந்தார்கள். அந்த ஒலிப்பதிவுகளைப் பிற்பாடு பி.பி.சி.யே விற்பனைக்கு வெளியிட்டது. உரிமையாளர் தூக்கிப் போட்டதை ரசிகன் காப்பாற்றிக் கொடுத்தான். உரிமை வேறு, அக்கறை வேறு என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டுமா?

யார் என்ன செய்ய வேண்டும்?

தனியார் சேனல்கள், புகார் கொடுப்பதில் காட்டும் வேகத்தைத் தொடரை எளிதாகக் கிடைக்கச் செய்வதிலும் காட்ட வேண்டும். சில தயாரிப்பாளர்கள் தங்கள் பழைய தொடர்களைத் தாங்களே முழுமையாக இணையத்தில் ஏற்றி, விளம்பரத்தில் சம்பாதிக்கிறார்கள். அது நல்ல வழி. புதிய தொடருக்கு ஆண்டுச் சந்தா, மாதச் சந்தா என்று கேட்டால், ஒரே அறையில் எட்டுப் பேர் தங்கி மாதக் கடைசியில் கையைப் பிசையும் தொழிலாளி எங்கே போவான்? ஷாம்பு கூடச் சிறு பொட்டலத்தில் வந்த பிறகுதானே ஏழை வீட்டுக்குள் நுழைந்தது? ஒரு நாளுக்கு இவ்வளவு, ஒரு தொடருக்கு இவ்வளவு என்று விற்றுப் பார்க்கட்டும். வாங்க ஆள் உண்டு.

பிரசார் பாரதி தன் பழைய நிகழ்ச்சிகளுக்கென யூ டியூபில் ஓர் இடம் வைத்திருக்கிறது. 2024 நவம்பரில் 'வேவ்ஸ்' என்ற தளத்தையும் தொடங்கியிருக்கிறது. வரவேற்க வேண்டியதே. ஆனால் கவுண்டர் திறந்தால் மட்டும் போதாது. எல்லா ஊருக்கும் டிக்கெட் இருக்க வேண்டும். சென்னை நிலையத்தின் பழைய தமிழ் நிகழ்ச்சிகளை ஆண்டு வாரியாக, தேதியோடு, முழுமையாக வெளியிட ஆவன செய்ய வேண்டும். வீட்டில் பழைய நாடா வைத்திருப்பவர்களிடம் கேட்டு வாங்கவும் ஏற்பாடு வேண்டும். மும்பையிலுள்ள தமிழ்ச் சங்கங்கள் இதை ஒரு தீர்மானமாகவே நிறைவேற்றி அனுப்பலாம்.

வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. கேபிள்காரர் கொடுக்கும் தொகுப்பில் தமிழ்ச் சேனல் இல்லையென்றால், வாயை மூடிக் கொண்டிருக்காதீர்கள். 2019 முதல் நடைமுறையிலுள்ள டிராய் விதிகளின்படி, இணைப்புக் கட்டணத்தோடு வேண்டிய சேனலுக்கு மட்டும் அதன் விலையைக் கட்டிப் பெறும் உரிமை உங்களுக்கு இருக்கிறது. கேட்டு வாங்குங்கள். நண்பருக்குத் தொடர் காட்ட வேண்டுமானால், உரிமையாளரே போட்டிருக்கும் காணொளியின் முகவரியை அனுப்புங்கள். பரண் மேல் பழைய நாடா இருந்தால் தூக்கி எறியாதீர்கள், பத்திரமாக வையுங்கள்.

உங்கள் குடும்பத்தார் பாட்டு, பேச்சு, ஊர்த் திருவிழா ஆகியவற்றைப் பிறருடைய தொடர்களோடு ஒரே கணக்கில் கலக்கவே கலக்காதீர்கள். வீட்டில் தனியாக ஒரு பிரதி எடுத்து வையுங்கள். தொடரை நாளைக்கு எங்காவது காசு கொடுத்துப் பார்த்துக் கொள்ளலாம். அந்த இளைஞரின் ஆச்சி பாடிய தாலாட்டை எந்தக் கவுண்டரில் போய்க் கேட்பது?